இரண்டு கட்டை கீழே

மார்ச் மாதம் என் முன்பற்கள் இரண்டும் போயின. சண்டையில் உடைந்திருந்தால் பெருமையாவது மிஞ்சியிருக்கும். வெறும் சொத்தை. பல் டாக்டர் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் மாட்டி, "ஆப்பிள் மட்டும் கடிச்சிடாதீங்க" என்றார். நான் ட்ரம்பெட் ஊதிப் பிழைப்பவன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் முகம் போகும் போக்கைப் பார்த்து நான் அங்கேயே அழுதிருப்பேன்.

ட்ரம்பெட்டுக்கு மூச்சு போதும் என்று ஊதாதவர்கள் நினைக்கிறார்கள். மூச்சு மாட்டுக்கும்தான் இருக்கிறது. உதடு வாத்தியத்தின் வாயில் அழுந்தி அதிர வேண்டும், அந்த உதட்டுக்குப் பின்னால் பல் சுவர் மாதிரி நிற்க வேண்டும். என் சுவர் ஆடியது. கீழ் ஸ்வரங்கள் நன்றாகவே வந்தன. மேலே ஏறினால் பொய்ப்பல் வழுக்கும், சத்தம் கிழியும்.

கான்சாஸ் சிட்டியில் இது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி ரூத்தெல்லா. டெல்ஃபின் கிளப்பில் அவள் பியானோ, நான் ட்ரம்பெட். பல் போனதிலிருந்து நான் வெளியில் சிரிப்பதை நிறுத்தியிருந்தேன். இந்த அலோன்சோவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹோசியா டிரிம்பிள் வந்து சேர்ந்தார். அவருடைய பெரிய இசைக்குழு சிகாகோ போகிறது, பெரிய நடன அரங்கு, வாராவாரம் ரேடியோ. ட்ரம்பெட் நாற்காலி ஒன்று காலி. பியானோக்காரனும் டெக்சாஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு தங்கிவிட்டானாம், அதற்குச் சிகாகோவிலேயே ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இதை விட்டால் எனக்கு இன்னொரு டிரிம்பிள் கிடையாது.

ஆள் எடுப்பதென்றால் எங்கள் ஊரில் திங்கள் காலை ஆட்டத்தில்தான். வார வேலை முடித்த வாத்தியக்காரர்கள், ஓட்டல் சமையல்காரர்கள், பணிப்பெண்கள் எல்லோரும் டெல்ஃபினில் கூடிவிடுவார்கள். கோழி வறுவல், காபி, ஆட்டம். மேடையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம், இறக்கிவிடுவது பியானோவின் வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் பியானோ சுருதியை அரைக்கட்டை ஏற்றும். முடியாதவன் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். பியானோவை எதிர்த்து யாரும் பேசக்கூடாது. சுருதியைக் கீழே இறக்குவது என்பது மட்டும் நடந்ததே இல்லை.

அன்று வாசித்தது என் சொந்தப் பாட்டு, 'சனிக்கிழமை சோப்பு'. பல் இருந்த காலத்தில் எழுதியது. திமிர் பிடித்து முடிவை உச்சியில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

இரண்டு சுற்றில் மூன்று பேர் இறங்கினார்கள். மிச்சம் நானும், டல்சாவிலிருந்து வந்த மேப்ரி என்ற இளவட்டமும்தான்.

"என்னண்ணே, வேர்த்து ஊத்துது? ஜன்னலத் தொறக்கவா?" என்றான் மேப்ரி.

"நீ ஊருக்குப் போற ரயில் எப்பன்னு பாரு தம்பி."

வாய்தான் அப்படிப் பேசியது. பொய்ப்பல் ஏற்கெனவே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் கிழியப்போகிறது என்று எனக்குத் தெரியும். பியானோவில் இருந்த அவளுக்கும் தெரியும்.

ரூத்தெல்லா சுருதியை ஏற்றவில்லை. இரண்டு கட்டை இறக்கினாள்.

பாஸ் என்ற பெரிய ஃபிடிலை வாசிப்பவன் விரல் ஒரு கணம் நின்று, பிறகு அவள் பின்னால் ஓடியது. "என்னக்கா, லிஃப்ட் கீழ போகுது?" என்று மேப்ரி சிரித்தான். நான் ஊதினேன். நன்றாகவே ஊதினேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சமையல்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஆனால் வாத்தியக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

டிரிம்பிள் காபிக் கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"எத்தனை பல்லு?"

"ரெண்டு."

"மேலயா?"

"மேல."

"என் அண்ணனுக்கும் அப்படித்தான் ஆச்சு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். மேப்ரியிடம் கை குலுக்குவதை இங்கிருந்தே பார்த்தேன்.

கொல்லைப்புறத்தில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே ரூத்தெல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லார் முன்னாடியும் என்னைக் காட்டிக்கொடுத்துட்ட."

"நீ விழப்போற. பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"விழ விட்டிருக்கணும் ரூத். விழுந்திருந்தா இன்னைக்கு நாள் சரியில்லன்னு சொல்லிருப்பேன். நீ தாங்கிப் பிடிச்சதுல நான் நொண்டின்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

அவள் முகம் சிறுத்துப்போனது. அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு டிரிம்பிள் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. வேகமா வாசிக்கிற பியானோக்காரன் சிகாகோவுல தெருவுக்குத் தெரு இருக்கான். ஊதுறவன் வாயில என்ன நடக்குதுன்னு கேட்டு வாசிக்கிற ஆளு எனக்கு இதுவரைக்கும் கிடைக்கல. நீ வர்றியாம்மா?"

ரூத்தெல்லா என்னைப் பார்த்தாள். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. என்னைக் கவிழ்த்த அதே காரியம் அவளைத் தூக்கிவிட்டிருந்தது. 'வேண்டாம்' என்று நான் சொன்னால் நின்றுவிடுவாள், வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"போ" என்றேன்.

ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிக்கொடுத்தேன். ஜன்னல் வழியே கேட்டாள்:

"கோவம் போயிடுச்சா?"

"இல்ல."

"போனதும் சொல்லி அனுப்பு."

டெல்ஃபினில் வேறு பியானோக்காரன் வந்தான், கெட்டிக்காரன், சுருதியை ஏற்ற மட்டுமே தெரிந்தவன். நான் பகலில் ஓர் ஓட்டலில் பெட்டி தூக்கினேன். ட்ரம்பெட் அலமாரிக்கு மேலே ஏறியது.

ஒரு ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் டிரிம்பிள் குழு. கேட்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தவன், அன்று குழாயடியில் பாத்திரம் கழுவும்போது பக்கத்து வீட்டுக்காரி சத்தமாக வைத்துவிட்டதால் கேட்டேன். பியானோ தனியாக ஆரம்பித்தது. முதல் இரண்டு தட்டிலேயே ஆள் யாரென்று தெரிந்தது. பாட்டும் தெரிந்தது. 'சனிக்கிழமை சோப்பு'.

மேப்ரி இதை உச்சியில் ஊதிக் கைதட்டு வாங்கப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு மேலே போகவில்லை. அதே இரண்டு கட்டை கீழே. மேப்ரியின் ட்ரம்பெட்டும், மற்ற எல்லா வாத்தியமும், சிகாகோ அரங்கு முழுக்க, என் வாய்க்கு எட்டுகிற சுருதியில் வாசித்தார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ட்ரம்பெட்டை எடுத்தேன். கடைசிச் சுற்றுக்குத்தான் வந்து சேர முடிந்தது. ஜன்னலோரம் நின்று கூடவே ஊதினேன். முடிவு ஸ்வரம் சுத்தமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன், இரண்டு பொய்ப்பல்லும் தெரிய.

மறுநாள் தந்தி ஆபீசுக்குப் போனேன். காகிதத்தில் அவள் விலாசத்தையும் ஒரே ஒரு வார்த்தையையும் எழுதி நீட்டினேன்.

குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெறும் 'போயிடுச்சு'ன்னு இருக்கு. என்ன போயிடுச்சுன்னு எழுத வேண்டாமா?"

"அவளுக்குத் தெரியும்" என்றேன்.