நோட்டீஸ் கொடுக்காமல் போன ராஜபாய்

என் அக்கா ராஜபாய்க்கு மெட்ராஸ் சர்க்காரின் நர்ஸ் உத்தியோகம் கிடைத்தது 1956 நவம்பரில். எங்கள் பாறசாலையைக் கேரளத்தில் விட்டுவிட்டு, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற களியக்காவிளையை மெட்ராஸ் பக்கம் சேர்த்துக் கோடு போட்ட மாதம் அது. எங்களையும் மெட்ராஸோடு சேர் என்று ஊரெல்லாம் கத்தி, அடி வாங்கி, கடைசியில் எங்கள் வீடு நின்ற இடத்திலேயே நின்றது. அந்தத் துக்கத்திலிருந்து அத்தான் செல்லையன் மீளவே இல்லை. 1954 போராட்டத்தில் லாக்கப்புக்குப் போய் முதுகு வீங்கி வந்தவர் அவர். வந்தபோது கையிலிருந்த வேலையும் போயிருந்தது. நாக்குக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

அக்கா அப்போது நெய்யாற்றின்கரையில் டாக்டர் சதாசிவனின் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். வேலையை விடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தாள். புது வேலைக்கோ இரண்டு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாள். ஒரு மாதமாவது இருந்துவிட்டுப் போ, எனக்கு ஆள் கிடைக்க வேண்டாமா என்றார். நியாயமான பேச்சுதான். அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள்.

அப்போதுதான் அத்தான் சட்டம் சொன்னார்.

"நீ பேடிக்காண்டாம். களியக்காவிளை தாண்டியாச்சுன்னா அது வேற ராஜ்ஜியமாக்கும். டாக்டரு கேஸ் போட்டாலும் சம்மன் அங்க செல்லாது."

அவர் மட்டும் சொன்னதில்லை இது. சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்த அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். கோடு போட்ட புதுசு. அதற்கு இல்லாத மகிமையெல்லாம் இருப்பதாக நினைப்பு. பெண்டாட்டியோடு சண்டை போட்டவன்கூட அக்கரைக்குப் போய்விட்டால் யாரும் கேட்க முடியாது என்று பேசிய காலம். அக்காவும் நம்பினாள். ஒரு சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டர் போட்ட வழக்கின் சம்மனோடு வந்த கோர்ட் ஆமீனுக்கு எல்லையைத் தாண்ட வேண்டிய தேவையே வரவில்லை. வேலைதான் அக்கரையில், குடியிருப்பு பாறசாலையில் அல்லவா? சம்மனை நீட்டினார், அத்தான் வாங்க மாட்டேன் என்றார். ஆமீன் வாக்குவாதம் செய்யாமல் எங்கள் வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்று முழுக்க அத்தான் வாயைத் திறக்கவில்லை. வீடு எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று மாதச் சம்பளமும், அவள் போனதால் ஆஸ்பத்திரிக்கு வந்த நஷ்டமும் வேண்டும் என்று டாக்டர் வழக்குப் போட்டிருந்தார். அதுகூடப் பெரிதில்லை. புது ஆஸ்பத்திரியில் விஷயம் தெரிந்து, வழக்கில் தோற்றால் வேலையை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் சம்பளத்தில்தான் அத்தானும், இரண்டு பிள்ளைகளும், கல்யாணமாகாத நானும் சாப்பிட்டோம்.

எங்கள் சபையைச் சேர்ந்த யோசுவா வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். முதலில் அத்தானைத்தான் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினார். உன்னைத் திரும்ப அங்கே வேலை செய் என்று எந்தக் கோர்ட்டும் இழுத்துவர முடியாது. ஆனால் சொல்லாமல் போனது தப்புதான், அதை மறுக்காதே. அதனால் நஷ்டம் வந்தது என்று டாக்டர்தான் சாட்சி வைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்றார்.

"அவருக்க சாட்சி ஆரு தெரியுமா? சியாமளா" என்றார்.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அந்த ஆஸ்பத்திரியில் அவளுடன் இருந்த ஒரே நர்ஸ் சியாமளா, ஒற்றசேகரமங்கலத்து மலையாளி. அவள் அண்ணன் போலீஸ் கான்ஸ்டபிள். அத்தான் வீங்கிய முதுகோடு வந்த அன்றிலிருந்து அக்கா சியாமளாவிடம் பேசுவதில்லை. அத்தானை அடித்தது அவள் அண்ணன்தானா என்று விசாரிக்கக்கூட இல்லை. போலீஸ் என்றால் போலீஸ்தான். ஒரே வார்டில் எதிரெதிரே நின்றுகொண்டு, எந்தக் கட்டிலுக்கு என்ன மருந்து என்று ஆயா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். இரண்டு வருஷம் அப்படி நடந்தது. அந்த ஆயாவுக்குத்தான் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

வழக்கு அன்று நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். சியாமளா கூண்டில் ஏறியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜபாய் போனதால் ஆஸ்பத்திரியில் என்னென்ன கெட்டது என்று டாக்டரின் வக்கீல் கேட்டார். அவள் மலையாளத்தில்தான் பதில் சொன்னாள். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"ஒண்ணும் கெடல்ல. பிரசவத்துக்கு வந்த ஒருத்தியையும் திருப்பி அனுப்பல்ல. அவளுக்க டியூட்டியும் நான்தான் பார்த்தேன்."

செலவாவது ஏறியது என்று காட்ட, டாக்டரின் வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டார். பகலும் ராத்திரியும் ஒரே ஆளா? ஆமாம். யார் பார்க்கச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. டாக்டர் அதற்குத் தனியாக ஏதாவது கொடுத்தாரா? இல்லை. புது ஆள் வந்தாயிற்றா? இன்னும் வரவில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

முன்சீப் தீர்ப்புச் சொல்லும்போது அக்காவை லேசில் விடவில்லை. சொல்லாமல் போனது ஒப்பந்தத்தை மீறியது, நோயாளிகளை நினைத்திருக்க வேண்டும் என்று நன்றாகக் கொடுத்தார். ஆனால் நஷ்டம் நிரூபணமாகவில்லை, வழக்குத் தள்ளுபடி என்றார். அக்காவின் வேலை நிலைத்தது. நாங்கள் ஐந்து பேரும் பிழைத்தோம்.

வெளியே மரத்தடியில் அக்கா ஓடிப்போய் சியாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சியாமளா அதை உதறவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

"நினக்கு வேண்டி சொன்னதல்ல, ராஜபாய். கேட்டாவ, நடந்தத சொன்னேன்" என்றாள். பிறகு, வார்டில் இரண்டு பேர் வலியோடு கிடக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தாள். நடையில் தள்ளாட்டம் இருந்தது.

அந்த வாரத்து விடுமுறை நாளில், பொழுது சாயுமுன் அக்கா நர்ஸ் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் சதாசிவன் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. கோர்ட்டிலிருந்து இன்னும் ஏதாவது உத்தரவு உண்டா என்று கசப்பாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே" என்றாள் அக்கா. "இண்ணைக்கு ராத்திரி டியூட்டி நான் பாக்கேன். சியாமளா ஒறங்கட்டு."

டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.