பதினான்காவது வரி

இத்தனை வருடம் எனக்கும் மனைவிக்கும் வருமான வரிக் கணக்கை ஆடிட்டர்தான் போட்டார். இந்த முறை நாமே போட்டால் அந்தச் செலவு மிச்சம் என்று தங்கை வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பேருந்தையே ஓட்டுகிறவனுக்குக் கணினி என்ன பெரிய விஷயம்? என் படிவத்தைத் திறந்தேன். பணம் கொடுத்தவர்கள் என்ற இடத்தில் ஒரே வரி, எங்கள் பணிமனை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

“உன்னோடது ரெண்டு நிமிஷம்கூட ஆகாது, வா,” என்று மனைவியைக் கூப்பிட்டேன். உள்ளறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. வந்து கடவுச்சொல்லைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியல் தானாகவே வந்து நிறைந்தது. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், நாடக அரங்கு என்று உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது.

“ஆஸ்பத்திரிக்கு நீ என்ன தச்ச?”

“ஜன்னல் திரை. மூணு மாடிக்கும்.”

அந்தப் பச்சைத் திரைகளைத் தினமும் ஆறு முறை கடந்து போகிறேன். நாடக அரங்கின் சிவப்புத் திரையும் இவள் கைவேலைதானாம். ஊருக்கே உடுப்புப் போட்டுவிட்டிருக்கிறாள். நானோ அந்த மெஷினை டிவி பார்க்கவிடாத சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

பதினான்காவது வரியில் எங்கள் பணிமனை இருந்தது.

“சீட்டு உறை தச்சுக் குடுத்தேன். அப்பவே சொன்னேனே, நீங்க மேட்ச் பாத்துக்கிட்டிருந்தீங்க.”

மறுநாள் காலை பேருந்தில் ஏறி, என் இருக்கையின் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். ஓர் இழை பிசகவில்லை. எட்டு மாதமாக உட்கார்ந்த இடம்தான். ஆனால் பின்னாலிருந்து கண்டக்டர், “என்னண்ணே, வண்டி எடுக்கலையா?” என்று கேட்கும்வரை எனக்கு உட்கார மனம் வரவில்லை.