போர்வைக்குள்ளே ஒரு பேரம்

ஆம்பூர்த் தோல் மண்டியில் ஆதிகேசவனின் வலது கைக்குத் தனி மரியாதை உண்டு. ஆளைப் பார்த்தால் ஒன்றும் கிடையாது. ஒடிசலான தேகம், வெற்றிலைக் காவியேறிய பல், தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள் அவர் கை போய்விட்டால் எதிரே நிற்கிற வியாபாரிக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். மண்டி வழக்கம் அப்படி. நாலு பேர் எதிரில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு கைகளையும் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தும் மடக்கியும் அழுத்தியும் பேரம் பேசுவார்கள். யார் முதலில் கையை உருவிக்கொள்கிறாரோ அவர் மற்றவர் விலைக்குச் சம்மதித்ததாக அர்த்தம். ஆதிகேசவன் ஒருநாளும் முதலில் கையை உருவியதில்லை. இதை ஊரார் சொல்வதைவிட அவரே அதிகம் சொல்வார்.

அவருக்குச் சனியன் பி.ஏ. பட்டத்தோடு வந்தது. அவருடைய முதலாளி அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்புக்கு மேனேஜராக வந்த சாமிநாதன், வந்த கையோடு துண்டின்மேல் கண் வைத்தார்.

"தந்தி அடிச்சா விலை வந்துடுது சார். இதுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு சம்பளம். எந்தக் காலத்துல இருக்கோம்?"

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். அவர் தாடியைத் தடவினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். நல்லவேளையாக அந்த வாரமே சுவிட்சர்லாந்திலிருந்து கெல்லர் துரையின் தந்தி வந்தது. போன வருஷம் சரக்கு வாங்க வந்தவர் துண்டு பேரத்தைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டார். ஊருக்குப் போயும் மனைவியிடம் காய்கறிக்குத் துண்டு போட்டதாகக் கேள்வி. இந்த வருஷப் பேரம் தன் ஊர்ப் பனிமலையில்தான், துண்டுக்காரரை அனுப்புங்கள், செலவு என்னுடையது என்று எழுதியிருந்தார்.

"போய்ட்டு வா ஆதி," என்றார் சாயபு. "நான் சொன்ன விலை கெடச்சா மண்டி உன்னுது. அதுக்குக் கம்மியா வந்துச்சோ, துண்டை மடிச்சி வெச்சிட்டு உப்புக் கெடங்குல போய் உக்காந்துக்க. யாபாரத்தை சாமிநாதன் பாத்துக்குவான்."

பச்சைத் தோலுக்குப் பூசுகிற உப்பைக் குவித்து வைத்திருக்கும் இடம் உப்புக் கிடங்கு. துரத்தவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை என்கிற ஆட்களைச் சாயபு அங்கேதான் உட்கார வைப்பார். ஆறு மாதத்தில் கை வெடித்து, வெடிப்பில் உப்பேறி, விரல் விரலாக இருக்காது. மண்டியே மதித்த கை அங்கே போய் உப்பு அள்ளுவதா? அதற்கு அந்தப் பனிமலையிலேயே விழுந்து செத்துப்போகலாம் என்று ஆதிகேசவன் மனைவி கமலவேணியிடம் சொன்னார். வாய் முகூர்த்தம், கொஞ்சம் விட்டிருந்தால் பலித்திருக்கும்.

பனிமலையில் ஆதிகேசவனுக்கும், மொழிபெயர்க்கக் கூட வந்த சாமிநாதனுக்கும் கெல்லர் துரை ராஜ உபசாரம் செய்தார். இராச் சாப்பாடு ஆனதும் எல்லோரையும் வெளியே கூட்டிப்போனார். குளிரில் ஆதிகேசவனுக்குப் பல் தந்தியடித்தது. குரங்குக் குல்லா, அதன்மேல் மப்ளர், அதன்மேல் மண்டித் துண்டு. மலைச்சரிவு நெடுக லாந்தர் விளக்குகளை நட்டு வைத்திருந்தார்கள். விளக்குகள் கீழே கீழே போய்க் கடைசியில் புள்ளியாகித் தொலைந்துபோயின. உச்சியில் ஒரு கட்டைப் பலகை, அதன் அடியில் இரண்டு இரும்புப் பட்டை.

துரை ஏதோ உற்சாகமாகச் சொன்னார். சாமிநாதன் மொழிபெயர்த்தார்.

"பேரத்தை இதுல போய்க்கிட்டே பேசலாங்கறார்."

"மாடு எங்க சார்?"

"மாடு கெடையாது."

"சக்கரம்?"

"அதுவும் கெடையாது. பனியில சறுக்கிக்கிட்டே போவும்."

"அப்ப பிரேக்கு?"

சாமிநாதன் கேட்டுச் சொல்வதற்குள் துரை தன் பூட்ஸ் காலைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்களும் வர்றீங்கல்ல?"

"எனக்கு ஜலதோஷம்," என்று சாமிநாதன் இரண்டு தும்மல் தும்மிக் காட்டினார். "பயமா இருந்தா சொல்லிடுங்க. விலையை நானே வாயால பேசி முடிச்சிடறேன். சாயபுகிட்டயும் பக்குவமா சொல்லிக்கலாம்."

ஆகா, எப்பேர்ப்பட்ட பரிவு! ஆதிகேசவன் பலகையில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் துரை உட்கார்ந்து, இருவர் மடிமேலும் கம்பளிப் போர்வையை விரித்தார். துரையின் இடது கையில் பலகையைத் திருப்புகிற கயிறு, கையுறை போட்ட வலது கை போர்வைக்குள்.

முதல் அழுத்தம் துரையுடையது. அடிமாட்டு விலை. ஆதிகேசவன் சிரித்துக்கொண்டே துரையின் விரல்களைப் பற்றி, சாயபுவின் விலையை ஓர் அழுத்து அழுத்தினார். அதோடு அவர் சிரிப்பு முடிந்தது. பலகை கிளம்பிவிட்டது.

வண்டி ஓடினால் ஒரு கடகட சத்தமாவது கேட்கும். இது சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. லாந்தர்கள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. "வள்ளிமலை முருகா! நானா ஆசைப்பட்டு வர்லடாப்பா!" என்று அலறினார். முதல் வளைவில் பலகை ஒருக்களித்தபோது அவருக்கு ஒரே எண்ணம்தான்: கையை உருவி, இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். உப்புக் கிடங்காவது மண்ணாங்கட்டியாவது! உயிர் இருந்தால் உப்பு அள்ளிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆம், அந்த மானஸ்தர் அப்போதே தோற்றுவிட்டார். கையை உருவத்தான் பார்த்தார்.

விரல் பிரியவில்லை. குளிரோ பயமோ, துரையின் கையைப் பிடித்த பிடியிலேயே மரத்துப்போய்ப் பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு நடுங்க, பிடி இன்னும் இறுகியது. துரை கொஞ்சம் விலை ஏற்றினார். இவர் நசுக்கினார். துரை இன்னும் ஏற்றினார். இவர் அலறிக்கொண்டே நசுக்கினார்.

கடைசி வளைவு முழங்கையை மடக்கினாற்போல் திரும்பியது. அங்கே ஒரு கையால் கயிற்றை இழுத்தால் போதாது. துரை தன் கையைத் திமிறினார், வரவில்லை. முழு பலத்தோடு இழுத்தார். கை வெளியே வந்தது, கையுறை ஆதிகேசவனின் பிடியிலேயே தங்கிவிட்டது. பலகை ஒரு பனிக்குவியலில் முட்டி இருவரையும் தலைகுப்புறக் கவிழ்த்தது.

துரை எழுந்தார், தாடியிலிருந்த பனியைத் தட்டினார், வெறுங்கையைப் பார்த்தார். முறை முறைதான் என்று நினைக்கிற மனுஷர். நான்தான் முதலில் எடுத்தேன் என்று சைகை காட்டிச் சிரித்து, போன வருஷம் ஆம்பூரில் கற்ற ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார். "சரி!"

ஊர் திரும்பியபோது ஆம்பூர் ஸ்டேஷனில் மாலை காத்திருந்தது. சாயபு அந்தக் கையுறையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார். ஆதிகேசவனுக்கு நெஞ்சு உறுத்தியது. ஒருநாள் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டார்.

"மொதலாளி, அது வீரம் இல்ல. பயத்துல வெரலு வெறச்சிப் போச்சி. நான் கையைப் புடுங்கத்தான் பாத்தேன்."

சாயபு உருகிப்போய்ச் சாமிநாதனைக் கூப்பிட்டார். "பாத்தியா சாமிநாதா? இவ்ளோ பெரிய காரியம் பண்ணிட்டு இன்னா அடக்கம் பாரு!"

சாமிநாதன் பாவம், அன்று முதல் தாடையைச் சொறிந்துகொண்டே இருந்தார். தை மாதம் கெல்லர் துரை ஆம்பூருக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

ஒரு காலையில் சாயபு ஆதிகேசவனைத் தோளில் கைபோட்டு ஷாப்புக்குப் பின்னால் அழைத்துப்போனார். அங்கே இருந்த கரட்டுக் குன்று உச்சியிலிருந்து அடிவரை வெள்ளை வெளேரென்று இருந்தது. நெடுக லாந்தர்கள். உச்சியில் ஒரு புதுப் பலகை, அடியில் இரும்புப் பட்டை.

"எல்லாம் நம்ம சாமிநாதன் ஐடியா," என்றார் சாயபு. "பனிக்கு பதிலா உப்பு. இந்தத் தடவை மூணு வருஷச் சரக்குக்கு ஒரே பேரம். தொரை கையை உடாதே!"

ஆதிகேசவன் சரிவைக் கண்ணால் பின்தொடர்ந்தார். அது போய் முடிகிற இடத்தில் தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டி இருந்தது.

"தொட்டியைக் காலி பண்ணச் சொல்லியிருக்கேன்," என்றார் கூடவே வந்த சாமிநாதன் ஆதரவாக. "கீழ வைக்கோல் போட்டுடலாம். எனக்கு அன்னிக்கி ஜலதோஷம் வர்ற மாதிரி இருக்கு."

ஆதிகேசவன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். நிதானமாக மடித்தார். சாயபுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மொதலாளி, உங்களுக்குப் புண்ணியமா போவும். என்னை அந்த உப்புக் கெடங்குக்கே அனுப்பிடுங்க."

"கெடங்கா?" என்று சாயபு கடகடவென்று சிரித்தார். "அங்க ஒரு பொடி உப்பு இல்லியே ஆதி! அத்தினியும் உனக்காகத்தான் மலையில கொட்டிட்டேன்."