பந்திக்கு நாலு மணி நேரம் கழித்து

பந்தி எழுந்தபோது மணி ஒன்று இருபது. எழில்மொழி அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. அவள் அப்பா இராஜாங்கமும் பெரியப்பா கலியமூர்த்தியும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இருவருக்கும் இருபது வருடச் சர்க்கரை. அப்பாவுக்கு மட்டும் இதய அடைப்புக்கு வைத்த ஸ்டென்ட்.

"ஒரே வயித்துப் புள்ளைங்க. அண்ணன் கொழுப்பு மாத்திரையே போடல, கல்லாட்டம் இருக்காரு. எனக்கு மட்டும் எதுக்கு?" என்று நாற்பது நாளாக அப்பா மாத்திரையைத் தொடவில்லை.

தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் எழிலுக்கு இதுதான் வேலை. மதகுக்குப் பலகை போடுவதுபோல, ரத்தத்தில் கொழுப்பு வடியாமல் அடைக்கும் ஒரு மரபணு எல்லோரிடமும் உண்டு. சர்க்கரை சேர்ந்தால் அடைப்பு இன்னும் இறுகும். பெரியப்பாவிடம் அந்த மரபணு பிறவியிலேயே பழுது. பலகை பாதிதான் இறங்கும். பழுதுதான் அவரைக் காப்பாற்றியது. அப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இருவரின் மரபணுச் சோதனை முடிவையும் அப்பாவிடம் காட்டினாள். "பேப்பர்ல ஆயிரம் எழுதலாம்" என்றார். அதனால் பந்தயம். இருவரும் ஒரே கறி சாப்பிட வேண்டும். நாலு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் சுழற்றினால், கொழுப்பு வடியாத குழாயில் மேலே நீர் கலங்கி நிற்கும். அப்பாவின் குழாய் மட்டும் கலங்கினால் அவர் மாத்திரை போட வேண்டும்.

ஐந்து இருபதுக்கு ரத்தம் எடுத்தாள். மகளை நம்பாமல் அப்பாவே பெயர்ச் சீட்டை ஒட்டினார். அவள் கொண்டுவந்திருந்த சுழற்றும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பந்தி பரிமாறிய அத்தை தங்கம்மாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"ஒங்கப்பன் பண்ண கூத்தப் பாத்தியாடி? தன் கறியெல்லாம் 'நீங்க சாப்புடுங்கண்ணே'ன்னு அண்ணன் இலையில தள்ளிட்டான். தம்பி பாசம்னு அவரும் தின்னுட்டாரு. இவன் தின்னது ரெண்டே துண்டு, மிச்சம் ரசஞ்சோறு."

சோதனை போச்சு. ரெண்டு துண்டு தின்றவர் குழாய் எப்படிக் கலங்கும்? இயந்திரம் நின்றது. மூடியைத் திறந்தாள்.

"பெரியப்பா! ஓடியாங்க!"

இரண்டு பேர் கறியைத் தின்றவரின் குழாயில் மேலே தெளிந்த மஞ்சள் நீர். ரசஞ்சோறு தின்றவரின் குழாயில் அரிசி களைந்த தண்ணீர்.

"சீட்டு மாறிருக்கு" என்றார் அப்பா.

"ஒட்டுனது நீங்கப்பா!"

பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒன் பங்கையும் நாந்தானடா தின்னேன். அப்பவும் தோத்துட்டியே!"

எழில் அத்தையைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய விடை அது.

அப்பா தன் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெயில் அதற்குள் போகவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கை நீட்டினார். அவள் பையிலிருந்து மாத்திரையை எடுத்து வைத்தாள். தண்ணீர் கேட்காமல் விழுங்கினார்.

பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ எம் பொண்ணு. ஒன் குழாய் இதுல எதுமாரி இருக்கும்?"