கடிகார ஓரத்துச் சந்தனம்

அந்த ஆயுத பூசையன்று கப்பலூர் குஞ்சு பொரிப்பகத்தின் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பொரிப்பகத்தை நடத்திய வெள்ளைத்துரை, அவருடைய தங்கை பாண்டியம்மாள், பாண்டியம்மாளின் மகள் தாமரைச்செல்வி, பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மொக்கையன். ஐந்தாவதாக ஒருவர் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

பெட்டி என்றால் முட்டையை அடைகாக்கும் இயந்திரம். ஆள் உயரத்துக்கு ஆறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நாலாயிரம் முட்டை. உள்ளே சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரி பாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் மொக்கையன் மணிக்கொரு தடவை கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சிலேட்டில் எழுதி வைப்பான். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போயிற்று. தாமரைச்செல்வி ஆரப்பாளையத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். தாய்மாமனுக்காக அவள் எழுதிக் கொடுத்தது அது.

முதலில் எழுதியதில் ஒரு குறை இருந்தது. திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பெட்டிக்கு ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. கரண்டுக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, வைரஸ் பார்ப்பதற்கு ஒன்று, இன்னும் நாலு என்று மொத்தம் பதினான்கு. ஏதாவது சேதி இருந்தால் படத்துக்கு மேல் பலூன் மாதிரி ஒரு கட்டம் எழும்பிக் காட்டும்.

"என்னத்தா இது, தீவாளிக்குத் துணி எடுக்க வந்த கூட்டம் மாதிரி நிக்குது?" என்றார் வெள்ளைத்துரை.

"ஒன்னொன்னும் ஒரு பெட்டி மாமா."

"பெட்டி ஆறுதான? மிச்சம் எட்டு யாரு, விருந்தாளியா? அது போக, அந்தப் பலூன் வேற. நிமிசத்துக்கு ஒன்னு கிளம்புது. இங்க என்ன சித்திரைத் திருவிழாவா நடக்குது? நாமக்கல்லுலருந்து ஆளுக வாராக. பாத்தாச் சிரிக்க மாட்டாகளா?"

அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து, பதினான்கையும் ஒன்றாக்கினாள். கடிகாரத்தை ஒட்டி ஒரே ஒரு கோழிக்குஞ்சுப் படம். எல்லாம் நன்றாக இருந்தால் பச்சை. ஏதாவது ஒரு பெட்டியில் சூடு தவறினால் சிவப்பு. மவுஸை அதன் மேல் கொண்டுபோனால் ஆறு பெட்டியின் சூடும் வரிசையாக விரியும்.

"சிவப்பானா மட்டுமாவது பலூன் வரட்டும் மாமா."

"வேணாம்த்தா. ஆண்டவன் கண்ணு எதுக்குக் குடுத்திருக்கான்?"

பலூனும் போயிற்று. வெள்ளைத்துரைக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களை எல்லாம் திரைக்கு முன்னால் நிறுத்தி, "பதினாலை ஒன்னாக்கிப்புட்டா என் தங்கச்சி மக" என்று சொன்னார். மூன்று பொரிப்பகக்காரர்கள் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். மூன்றும் நல்லபடியாக அமைந்தால் அந்த மென்பொருள் தாமரைச்செல்வியின் பெயரிலேயே வெளிவரும் என்று கடை முதலாளி சொல்லியிருந்தார். அவர்கள் வகையறாவில் எந்தப் பெண்ணின் பெயரும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது தவிர வேறெங்கும் அச்சில் ஏறியதில்லை.

பூசையன்று வெள்ளைத்துரை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஜெனரேட்டருக்கு வைத்தார். ஆறு பெட்டிக்கும் வைத்தார். கடைசியாகக் கம்ப்யூட்டர் திரையின் மூலைகளில் கட்டை விரலால் அழுத்தி ஒவ்வொரு பொட்டாக வைத்துக்கொண்டு வந்தார்.

"மாமா, அந்த மூலை மட்டும் வேணாம். குஞ்சு மறைஞ்சுரும்."

"மூணு மூலைக்கு வச்சு ஒன்ன மூளியா விடச் சொல்றியா? நல்ல நாளும் அதுவுமா?"

வைத்தார். மேலே குங்குமமும் வைத்தார். பழைய பதினான்கு படங்களும் இருந்திருந்தால் அந்தப் பொட்டு இரண்டு மூன்றைத்தான் மறைத்திருக்கும். ஒன்றாகச் சுருங்கியிருந்ததால் முழுசாக மறைத்தது. பாண்டியம்மாள் மணியடித்தாள். மொக்கையன் பூசணிக்காய் உடைத்தான்.

பூசைச் சந்தனத்தைக் கையால் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இரண்டு நாள் கழித்து ஆரப்பாளையத்திலிருந்து தாமரைச்செல்வி போன் செய்தாள்.

"மாமா, அந்தச் சந்தனத்தைத் துடைச்சுட்டீகளா?"

"துடைச்சாச்சு, துடைச்சாச்சு. நீ வேலையப் பாரு."

துடைக்கவில்லை. ஒரு சின்னப் பெண் கேட்டு, அதற்குப் போய் வழக்கத்தை விடுவதா என்று அவருக்கு இருந்தது. உதிரும்போது உதிரட்டும் என்று விட்டுவிட்டார். சந்தனம் நல்ல சந்தனம். இறுகிக் காய்ந்து அப்படியே நின்றது.

ஒன்பதாம் நாள் காலையில் மூன்றாம் பெட்டியின் விசிறி பெல்ட் அறுந்தது. மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள். எட்டு மணியிலிருந்து பகல் பன்னிரண்டு வரை வெள்ளைத்துரை அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்து கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்.

மொக்கையன் ஓடி வந்தான். "அண்ணே, மூணாம் பெட்டிப் பக்கம் நிக்க முடியலண்ணே. அனலா அடிக்குது."

கதவைத் திறந்தார்கள். முந்திக்கொண்ட சில குஞ்சுகள் ஓட்டில் துளை போட்டிருந்தன. துளைக்கு வெளியே அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் அசையவில்லை. மொக்கையன் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். பிறகு இன்னொன்றை எடுத்தான். மூன்றாவதை எடுக்கவில்லை.

வெள்ளைத்துரை அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினார். திரையின் மூலையை நகத்தால் சுரண்டினார். சந்தனம் ஓடு மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. அடியில் குஞ்சு சிவப்பாக இருந்தது.

பிற்பகல் தாமரைச்செல்வியும் கடை முதலாளியும் வந்தார்கள். அதற்குள் செய்தி கேட்டுப் பக்கத்துப் பட்டறை ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவள் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததைத் திறந்து படித்தாள்.

"எட்டுப் பத்துக்கே செவப்பு ஆயிருக்கு மாமா. நீங்க பாக்கலையா?"

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைத்துரையைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் பஞ்சாயத்துப் பேசித் தீர்ப்புச் சொன்னவர்.

"நான் இங்கனதான் உக்காந்திருந்தேன். பச்சையாத்தான் இருந்துச்சு."

"அந்தச் சந்தனம்..." என்று ஆரம்பித்தார், வரும் வழியில் தாமரைச்செல்வியிடம் அதைக் கேட்டிருந்த கடை முதலாளி.

"அது அன்னைக்கே துடைச்சாச்சுங்க. போன்லயே சொன்னாரு" என்று பாண்டியம்மாள் குறுக்கே வந்தாள். "எங்கண்ணன் வாயில பொய் வராது."

மொக்கையன் தரையைப் பார்த்தான்.

தாமரைச்செல்வி மாமனின் கையைப் பார்த்தாள். மேசை மேல் இருந்த வலது ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்து அவர் விரலை மடக்கிக்கொண்டார். அவள் இன்னும் ஒரு நொடி பார்த்திருந்தால் சொல்லியிருப்பார் என்று பின்னாளில் அவர் தனக்குத்தானே நினைத்துக்கொண்டதுண்டு. அவள் பார்க்கவில்லை. முதலாளி பக்கம் திரும்பினாள்.

"பதிவுல செவப்பு, திரையில பச்சைன்னா நான் எழுதுனதுலதான் சார் எங்கயோ தப்பு. ஒன்னாச் சுருக்குனப்ப விட்டிருப்பேன்."

வாசலில் யாரோ, "பொம்பளப் புள்ளயக் கம்ப்யூட்டரத் தொட விட்டா இப்படித்தான் மாப்ள" என்றான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அடக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் வெள்ளைத்துரை. அவர் அடக்கவில்லை.

மூன்று பொரிப்பகக்காரர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாசக் கடைசியில் கடை முதலாளி வேறு ஆள் வைத்துக்கொண்டார். தாமரைச்செல்வி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு டைப் அடிக்கப் போனாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர் குறைவில்லாமல் போயிற்று; மேளத்தோடு வெள்ளைத்துரை முன்னால் நடந்தார். அவள் காலில் விழுந்தபோது திருநீறு பூசினார். தாம்பாளத்தில் இருந்த சந்தனத்தை அவர் தொடவில்லை. தலை நிமிர்ந்தவள், "வாரேன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

பதினான்கை ஒன்றாகச் சுருக்கியதால்தான் நாலாயிரம் முட்டை வெந்தது என்று கப்பலூரில் இன்னும் பேசுகிறார்கள். அது தவறு. தாமரைச்செல்வி எழுதியது எட்டு மணி பத்து நிமிடத்துக்குச் சரியாகச் சிவந்தது. அதன் மேல் சந்தனம் வைத்தவர் வெள்ளைத்துரை. துடைக்காதவரும் அவர்தான்.