படகுத்துறைச் சாம்பியன்

கின்ஷாசா படகுத்துறையில், அக்கரை நகரமான பிராஸாவில்லிலிருந்து வரும் படகுக்காக லுகோகி காத்திருந்தான். காலையில்தான் சிறையிலிருந்து விட்டிருந்தார்கள். மூன்றுசக்கர வண்டி வழக்கில் பறிமுதலாகிவிட்டதால் தரையோடு தவழ்ந்தே வந்து சேர்ந்திருந்தான். இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பு. போலியோ தின்ற கால்கள் பின்னால் இழுபட்டன. அந்தத் துறையில் அவனைத் தெரியாதவர் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை.

சுமை தூக்கும் கசாடி மட்டும் சாக்கை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வந்துட்டியாண்ணே. ஏதாவது சாப்டியா?"

"மாசிகா வர்ற படகு இதுதானே?"

"இதுதான். ஆனா அண்ணே, வண்டிக்காரங்க சங்கத்துல பேசி முடிச்சிட்டாங்க. உன்னைச் சேத்துக்கறவங்களுக்குப் படகு வரிசைல எடம் கெடையாதாம்."

"அவ என் பொண்டாட்டிடா."

"அவகிட்டதான் மொதல்ல சொன்னாங்க."

லுகோகி ஆற்றைப் பார்த்தான். படகு இன்னும் நடு ஆற்றில்தான் வந்துகொண்டிருந்தது.

அக்கரைக்கும் இக்கரைக்கும் சரக்கு கொண்டுபோய் விற்பவர்களில் பாதிப் பேர் கால் விளங்காதவர்கள். அவர்களுக்குப் படகில் பாதிக் கட்டணம், சுங்கத்தில் சோதனை இல்லை. என்றோ யாரோ மனசு வைத்துக் கொடுத்த சலுகை. அதை நம்பித்தான் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரிந்தது. சோப்பும் துணியும் ஏற்றிய வண்டியைக் கையால் சுழற்றி அந்தச் சரிவில் ஏற்றி ஏற்றித்தான் லுகோகிக்கு அப்படியொரு தோள் வந்தது. பயிற்சியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பந்தய வண்டியில் உட்கார வைத்தார். ஆப்பிரிக்கச் சக்கர நாற்காலிப் போட்டியில் தங்கம் அடித்தான். விமான நிலையத்தில் பாண்டு வாத்தியம், மந்திரி தோளில் கை போட்டுப் படம், வீடு தருவதாக மேடையில் அறிவிப்பு. வீடு அந்த அறிவிப்போடு நின்றுபோனது. பந்தய வண்டியை விளையாட்டுச் சம்மேளனத்துக்காரர்கள் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். சாம்பியன் மறுபடி சோப்பு மூட்டைக்கே வந்தான்.

அப்போதுதான் பெரிய வியாபாரி ஒடெத் அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். "சாம்பியன் வண்டில எவன் கை வைப்பான்? சின்னப் பொட்டலம்தாம்பா. குஷனுக்குள்ள போட்டுக்கோ."

போதை மாத்திரை என்று அவனுக்குத் தெரியும். தெரியாது என்று நீதிமன்றத்தில்கூட அவன் சொல்லவில்லை. மாசிகாவிடம் மட்டும், மெடலுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை என்று சொல்லிவைத்திருந்தான். யாரோ துப்புக் கொடுக்க, ஒருநாள் குஷனைக் கிழித்தார்கள். ஒடெத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எழுதிக்கொள்ளத்தான் ஆளில்லை. அந்த வாரமே எல்லோருடைய சலுகையும் போயிற்று.

படகு வந்து ஒட்டியது. "எறங்கு, எறங்கு!" என்று சுங்கக்காரன் கத்தினான். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். மாசிகாவின் கால்களும் லுகோகியுடையவை போலத்தான். அவள் இருக்கையைக் கத்தியால் கிழித்து, பஞ்சை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லாததில் அலுத்துக்கொண்டான் சுங்கக்காரன்.

லுகோகி தவழ்ந்து போய்ப் பஞ்சைப் பொறுக்கி உள்ளே திணித்தான். "ஏறிக்கோ மாசிகா. நான் தூக்கி விடறேன்."

"அட, சாம்பியனா!" சுங்கக்காரன் சிரித்தபடி திரும்பினான். "வெளிய விட்டுட்டாங்களா? அந்தச் செருப்ப கழட்டு பாப்போம்."

"இதுல என்ன சார் இருக்கப் போவுது?"

"குஷன்லயும் ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சோம்."

இரண்டு செருப்புகளின் அடியையும் குறுக்கே அறுத்துப் பார்த்தான். துண்டுகளைத் தண்ணீரில் வீசிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான். லுகோகி இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

மாசிகா அந்தக் கைகளையே பார்த்தாள். வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"மெடல் காசுன்னு சொன்னியே," என்றாள் மெதுவாக. "நானும் தெருத்தெருவா பெருமையடிச்சிட்டுத் திரிஞ்சேன்."

"மாசிகா..."

"நீ கேட்டிருந்தா பட்டினி கெடந்திருப்பேன்யா." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூப்பிட்டாள். "கசாடி! வா, என்னைத் தூக்கி வை."

கசாடி ஒரு கணம் தயங்கி, லுகோகியைப் பார்க்காமலே வந்து அவளைத் தூக்கி வைத்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினான். மற்ற வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

பக்கத்து வாசலில் ஒடெத் அம்மாவின் பெட்டிகள் கட்டுப் பிரிக்காமலே லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. உச்சி வெயிலில் சிமெண்டு கொதித்துக் கிடந்தது. லுகோகி வெறுங்கையை அதில் ஊன்றினான், வெடுக்கென்று எடுத்தான், மறுபடி ஊன்றினான்.