'ஆம்' என்ற கட்டம்

என் பணிக்காலத்தில் இது ஐந்தாவது கல்விச் சீர்திருத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை வரும், சுவரில் மாட்டச் சொல்வார்கள். பழையதைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் புதியதை மாட்டுவேன். இந்த முறை வந்தது பெரியது. மூன்று வயதுக் குழந்தையின் மழலையர் வகுப்பிலிருந்து பள்ளி இறுதி வரை நாடு முழுக்க ஒரே அமைப்பு. வழிகாட்டிப் புத்தகம் மட்டும் நூற்று நாற்பது பக்கம். தலைமையாசிரியை என்ற முறையில் நான்தான் படித்தாக வேண்டும். ஓய்வுபெற நான்கே மாதம் இருக்கும்போது இது என்ன தலையெழுத்து என்று அலுத்துக்கொண்டே படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. மழலையர் வகுப்பில் ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் அரசே பயிற்சி கொடுத்து நிரந்தரமாக்குமாம். அதற்கு ஆதாரம், பள்ளி ஆண்டுதோறும் அனுப்பிய விவரப் படிவம்.

எங்கள் பள்ளியில் அந்த வகுப்பைப் பதினோரு வருஷமாக நடத்துகிறவர் பாப்பா டீச்சர். அது பிள்ளைகள் வைத்த பெயர். பெற்றோர் சங்கம் கொடுக்கிற சொற்பத்துக்கு முப்பத்திரண்டு பொடிசுகளுக்கு மூக்குத் துடைத்து, செருப்பு மாட்டிவிட்டு, சண்டை தீர்த்து, பென்சில் பிடிக்கவும் பழக்கி அனுப்புவார். படிவத்தில் அவர் கிடையாது.

ஏன் கிடையாது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. படிவத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட வேண்டும். தனி அறை உண்டா? ஆம். குழந்தைகளுக்கான கழிப்பறை? ஆம். 'இல்லை' என்று போட்டால் இல்லாதது வந்துவிடாது. ஏன் இல்லை என்று கேட்க ஆள்தான் வரும். 'பயிற்சி பெற்ற மழலையர் ஆசிரியர் உண்டா?' என்பதற்கும் அப்படித்தான் டிக் போட்டேன். டிக் போட்டால் அடுத்த வரியில் பெயர் எழுத வேண்டும். என்னிடம் அந்தக் காலத்துப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று இருந்தது. என் பெயரையே எழுதிவிட்டேன். முதல் வருஷம் கை கூசியது, அப்புறம் பழகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பதினோரு தடவை செய்திருக்கிறேன்.

வட்டாரக் கல்வி அதிகாரியிடம் போனில் கேட்டேன். ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்.

"பழைய வருஷமெல்லாம் பூட்டியாச்சுக்கா. கம்ப்யூட்டர்ல இனிமே கை வைக்க முடியாது. தப்பா எழுதினது நான்தான், வேலை பார்த்தது இவங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தாதான் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"குடுத்தா அவங்களுக்கு வேலை கிடைக்குமா?"

"கிடைக்கும். ஆனா உங்க மேல விசாரணை வரும். அது முடியற வரைக்கும் பென்ஷன் நிக்கும். இந்த வயசுல தேவையாக்கா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாருமே 'ஆம்' போட்டவங்கதானே. அதை நம்பித்தான் மேல இந்தப் புத்தகத்தையே எழுதியிருக்காங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நாலு மாசம்தானே, வாயை மூடிட்டு இரு. பதினோரு வருஷம் இருந்தவதானே நீ?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வியாழக்கிழமை காலை பாப்பா டீச்சரே என் அறைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அஞ்சு வருஷம் இருந்தாலே போதுமாமே மேடம்? எனக்குத்தான் பதினொண்ணு ஆச்சே! என் பேப்பர் எப்ப போகுது?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த முகம் வாடியதை நான் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ அந்தப் பிள்ளைங்களுக்கு டீச்சர் நீங்களா?"

"படிவத்துல."

"ஒரு நாளாவது வகுப்பு எடுத்திருக்கீங்களா மேடம்?"

"இல்லை" என்றேன்.

கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு தாளை எடுத்தேன். ஆறு வரிதான் வந்தது. 'பொய்யாக' என்ற சொல்லை எழுதும்போது பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார்.

"தேதி போடலையே மேடம்."

"நாளைக்குத்தானே அனுப்பணும்…"

"இன்னைக்குத் தேதியே போடுங்க."

போட்டேன். சீல் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். சீலும் குத்தினேன்.

"இதை நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"ஏம்மா, நான் அனுப்ப மாட்டேனா?"

"தெரியலை மேடம்" என்றார். குரலில் கோபமே இல்லை. தாளை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல் கேட்டைத் தாண்டிப் போனார். பதினோரு வருஷத்தில் மணி அடிப்பதற்கு முன்னால் அவர் அந்த கேட்டைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, குழந்தைகள் தனியாக இருக்கின்றன. எழுந்து போனேன். அறை ஒரே இரைச்சலாக இருந்தது. நான் நுழைந்ததும் அடங்கிவிட்டது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது.

"நீங்க யாரு?" என்று கேட்டது.